சுக்கம்பாறையின் இரண்டாம் பாசை

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, ஊரூராகப் போய் மண்ணைத் துளைத்துவிட்டு வந்த ரிக் லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையாக நிற்கிற பக்கத்தில், சுக்கம்பாறை என்று ஓர் ஊர் இருந்தது. வடக்கே எந்த ராஜ்ஜியத்தில் எந்தக் காட்டில் ஆழ்துளைப் போர் போட்டாலும் அந்த லாரியின் மேல் சுக்கம்பாறைக்காரன் ஒருத்தன் வெள்ளைப் புழுதி அப்பிய முகத்தோடு நின்றுகொண்டிருப்பான், ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், அவர்கள் ஊரில்தான் தண்ணீர் இல்லை. என்னத்தைச் சொல்ல! லாரித் தண்ணீர் வருகிற நாளில் குடங்கள் சண்டை போடும், வராத நாளில் மனுஷர்கள் சண்டை போடுவார்கள், மற்றபடி எல்லா ஊரையும் போலத்தான் அந்த ஊரும் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் சம்பூர்ணம் என்று ஒரு கணக்கு டீச்சர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள், எருமைகளுக்குத் தவிடு கலக்குவாள், அதற்குப் பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து, எங்கெங்கோ தேசங்களில் இருக்கிற, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திராத ஒரு கூட்டத்தோடு சேர்ந்து மொழி ஒன்றைச் செய்துகொண்டிருப்பாள். துலாமொழி என்று அதற்கு அவள் தமிழில் வைத்துக்கொண்ட பெயர். சொன்னது சொன்னபடி நிற்க வேண்டும், கணக்கு மாதிரி, பேசிவிட்டு ஒருத்தரும் பின்வாசல் வழியாக நழுவக் கூடாது, அதுதான் அந்தக் கூட்டத்தின் ஆசை. புருஷன் செங்கோட்டுவேலு கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டே கேலி செய்வார். "பேசறதுக்கு ஆளே இல்லாத பாசைய எதுக்குப் புள்ள செய்யறே? ஆளு இருக்கற பாசையிலயே இந்த ஊட்டுல பேச்சுக் கொறஞ்சு போச்சு."

கேலிதான், ஆனால் அவள் பேசினால் கறக்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

போகப் போக அவளுக்கு அந்தக் கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. துலாமொழியிலும் பின்வாசல்கள் இருந்தன; கேள்விப்பட்டேன் என்று சொல்ல ஒரு வழி, இருக்கலாம் என்று சொல்ல ஒரு வழி, எனக்கு அப்படித் தோன்றுகிறது என்று சொல்ல ஒரு வழி. இதெல்லாம் எதற்கு, இருக்கிறதென்றால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை என்று அவள் வாதாடினாள், மனுஷர்கள் பேசுகிற மொழிக்குக் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டாமா என்று அவர்கள் எழுதினார்கள், மாசக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, "மரத்தை நீங்க வெச்சுக்குங்க, நான் ஒரு கிளைய ஒடிச்சுக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வந்து, எல்லாப் பின்வாசலையும் ஒவ்வொன்றாக அடைத்து, வேர்க்கடலைத் தொலி உடைகிற மாதிரிச் சுருக்கமான சத்தங்களால் தன் கிளையைத் தனியாக வளர்த்தாள்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புதுப்பாசையின் வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் அடுப்பில் இருக்கிறது என்றாள், சுத்தமாக வந்தது. பால் பொங்கிவிட்டது என்றாள், நாக்கு புரண்டது, உதடு அசைந்தது, காற்றும் போயிற்று, குரல் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதாக்கும் என்று மிளகைக் கடித்து வெந்நீர் குடித்தாள். எருமைக்குக் கொம்பு உண்டு என்றாள், வந்தது. எருமைக்குச் சிறகு உண்டு என்றாள், வரவில்லை. சிறகு இல்லை என்றாள், கணீரென்று வந்தது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காட்டு அங்கம்மா, "பொய்யின்னா வராதாட்ட இருக்குதுங் டீச்சரே" என்று சொல்லிவிட்டு, கேட்டு வந்த உறை மோரை வாங்கிக்கொண்டு போனாள்.

அங்கம்மாவுக்குத் தெரிந்தால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. ஆனால் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற கருவி சொசைட்டிக்கு வந்தபோது எவ்வளவு அதிசயப்பட்டார்களோ அவ்வளவுதான் இதற்கும் அதிசயப்பட்டார்கள், மறுநாளே கற்றுக்கொள்ள வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர்கள் மாட்டுத் தரகர்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆட்கள், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த மாடு ஒதைக்காதுன்னு டீச்சர் பாசையில சொல்லு பாக்கலாம்" என்றார்கள், விற்க வந்தவன் வாய் மீன் வாய் மாதிரித் திறந்து திறந்து மூடியது. அப்புறம் கல்யாணப் பேச்சுக்கு வந்தது. வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று என் பையன் குடிக்க மாட்டான் என்று அந்தப் பாசையில் சொல்ல வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது, அந்த வருஷம் சுக்கம்பாறையில் கெட்டிமேளமே கேட்கவில்லை. எழவு வீட்டுக்கும் வந்தது. தங்கமான மனுஷர் என்று சொல்ல வந்தவர்கள் சத்தம் வராமல் செத்தவரின் காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள், அவருடைய சம்சாரம் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசிவரைக்கும் ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

தமிழில் பேசிவிட்டுப் போவதுதானே என்றால், அது முடியவில்லை. எதைச் சொன்னாலும் எதிராளி, "அதையே டீச்சர் பாசையில சொல்லுங்" என்றான். டீக்கடைக்காரன் வடை இன்றைக்குப் போட்டது என்று சொல்லப் பயந்தான், மாமியார்கள் மருமகளைப் பற்றியும் மருமகள்கள் மாமியாரைப் பற்றியும் வாய் திறப்பதை விட்டார்கள், பங்காளிகள் பொங்கலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள். ஊர் அப்படி அடங்கிப்போயிற்று, ஆடு அசை போடுவது அடுத்த வீதியில் கேட்டது.

இதோடு நின்றிருந்தால்கூட ஊர் பிழைத்திருக்கும். தேங்காய்க் குப்பண்ணன் என்று ஒருத்தர் இருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வெள்ளாமைக் காட்டுக்குள் நடப்பார், ஊற்று ஓடுகிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும், அங்கே போர் போடுவார்கள். எழுந்து நின்ற தேங்காய்களுக்குக் கணக்கில்லை, தண்ணீர் வந்த போர் ஒன்றிரண்டுதான், ஆனாலும் குப்பண்ணன் வந்துவிட்டுப் போனால் அந்த வீட்டில் நாலு நாளைக்குச் சிரிப்பு இருக்கும். அவர் சம்பூர்ணத்திடம் வந்து இங்கே தண்ணீர் இருக்கிறது என்கிற ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொண்டார். "ரொம்ப நாளா எனக்கே சந்தேகமுங் அம்மிணி, தேங்கா எந்திரிக்குதா இல்ல நானே எந்திரிக்க வெக்கறனான்னு" என்றார். தேங்காயை வீட்டில் வைத்துவிட்டுக் காடு காடாகப் போனார். ஒவ்வொரு காட்டிலும் கிழக்கு மூலையில் ஆரம்பித்து மேற்கு மூலை வரைக்கும் நடந்து நடந்து சொன்னார், பின்னாலேயே காட்டுக்காரனும் அவன் பெண்டு பிள்ளைகளும் நடந்தார்கள், பெரியவரின் வாய் அசைவதைத்தான் பார்த்தார்கள். ஓடையோரத்தில் சொன்னார், வரவில்லை. கோயில் நிலத்தில் சொன்னார், வரவில்லை. குளத்தின் நடுவில் வெடித்துக் கிடந்த வண்டலில் நின்று சொன்னார், அங்கேயும் வரவில்லை.

அதுவரைக்கும் சுக்கம்பாறைக்காரர்களைத் தூக்கி நிறுத்தியிருந்தது இன்னும் நூறடி போனால் வரும் என்கிற நினைப்புதான். அது போன பிறகு வீடுகள் பூட்ட ஆரம்பித்தன. திருப்பூருக்குப் போனார்கள், ஈரோட்டுக்குப் போனார்கள், போகும்போது சம்பூர்ணத்தின் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும், யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பாவாயி என்று ஒருத்தி, மகன் ரிக் வண்டியில் வடக்கே போய்த் திரும்பாதவள், ஒரு நாள் வாசலில் வந்து நின்று என் பையன் இருக்கிறான் என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். வேண்டாமுங்க அக்கா என்று சம்பூர்ணம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பாவாயி கேட்காமல் கற்றுக்கொண்டு, சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வடக்கே பார்த்து நின்று சொன்னாள். வாய் அசைந்தது.

"நான் சொன்னது சரிதானுங்களா டீச்சர்?"

"சரிதானுங்க."

பாவாயி போர்த்திய சேலையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, நான் வரட்டுங்களா, சோலி கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சம்பூர்ணம் அன்றைக்கு எருமைக்குத் தண்ணீர் காட்டவே மறந்துபோனாள்.

ஊரில் ஒரே ஒரு காட்டில் மட்டும் அந்த வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. அது செங்கோட்டுவேலுவின் காடு. "எம்பட காட்டுக்குள்ள அந்தப் பாசைய எவனும் பேசப்படாது, எம்பொண்டாட்டியாவே இருந்தாலும்" என்று குப்பண்ணனை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். அந்தக் காட்டில் போட்ட போர்கள் எல்லாம் பொய்த்துத்தான் கிடந்தன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கல் வைத்து மூடியிருந்தது, ஆனாலும் தென்மேற்கு மூலையில் பாறைக்குப் பக்கத்தில் ஈரவாடை அடிக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. காலையில் எழுந்ததும் அங்கே போய் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்ப்பார், பார்த்துவிட்டு வந்தால்தான் காபி இறங்கும். அவருடைய அப்பாவுக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்தது. கிணறு அடியோடு வற்றி அந்த நினைப்பும் வற்றிய அன்றைக்கு, அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், மூன்று மாசம் அப்படியே படுத்திருந்து செத்துப்போனார். கலியாணமாகி வந்த புதுசில் அந்தக் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்தவள் சம்பூர்ணம்தான், ஆறிய கஞ்சியைத் திரும்ப எடுத்து வந்தவளும் அவள்தான்.

அவளுக்கு விஷயம் தெரியும். புருஷன் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் தென்மேற்கு மூலைக்குப் போய், பாறையைத் தொட்டுக்கொண்டு, இங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள். அடிவயிற்றிலிருந்து காற்றைத் திரட்டிச் சொல்லியும் வேப்பமரத்துக் காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் வந்ததும் காபி கொடுத்தாள்.

ஆனால் கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி ஒரு மனுஷனைச் சும்மா விடுமா? ஊர் காலியாகக் காலியாக, செங்கோட்டுவேலுவுக்கும் அரிக்க ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடு புள்ள. வேற எவனும் எங்காட்டுல சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்" என்றார்.

"எதுக்குங்க மாமா இப்ப அதெல்லாம்?"

"ஏன், எனக்கு மண்டையில ஏறாதுங்கறயா?"

"அப்படி இல்லீங்."

"அப்பறம் என்ன? கட்டுன பொண்டாட்டி செஞ்ச பாசை, ஊரே கத்துக்கிச்சு, நான் மட்டும் கத்துக்கலீன்னா எனக்குத்தான அசிங்கம்" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தோடு ஒட்டவில்லை.

நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று சொன்னாள். நாளைக்குக் காலேஜில் வேலை என்றாள், அடுத்த நாள் தலைவலி என்றாள், அப்படித் தள்ளித் தள்ளிப்போட்ட நாட்களில் சம்பூர்ணம் தன் கிளையிலிருந்து இன்னொரு கிளையை ஒடித்தாள். முதல் பாசையின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து ஆசையில் ஊறப்போட்டாள். தண்ணீருக்கு இருந்த சொல்லை வேண்டுகிற தண்ணீருக்கு ஆக்கினாள், இருப்பதற்கு இருந்த சொல்லை இருக்க வேண்டும் என்பதற்கு ஆக்கினாள், வருவது போவது உண்பது உறங்குவது எல்லாவற்றையும் அப்படியே ஆக்கினாள். முதல் பாசை மண்ணைக் கேட்டுக் குரல் கொடுத்தது என்றால் இது பேசுகிறவன் நெஞ்சைக் கேட்டுக் குரல் கொடுக்கும். அவன் நிஜமாக ஆசைப்படுகிறானா, குரல் வரும், அவ்வளவுதான். அதற்கும் பொய் ஆகாது. ஆனால் ஆசைக்குத் தன் புருஷனிடம் எந்தக் காலத்திலும் பஞ்சம் வராது என்று அவள் நினைத்தாள், அந்த நினைப்பில்தான் அதைச் செய்தாள். அதைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள், டீச்சர் பாசை என்று சொல்லி. வெட்கமாகத்தான் இருந்தது அவளுக்கு, அந்த வெட்கத்தோடேயே சொல்லிக்கொடுத்தாள்.

செங்கோட்டுவேலு நல்ல நாள் பார்த்து, குளித்துத் திருநீறு வைத்துக்கொண்டு, தென்மேற்கு மூலைக்குப் போனார். வேலிக்கு வெளியே மிச்சமிருந்த ஊர் நின்றது. இங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொன்னார், குரல் வந்தது. எப்படி வந்தது! கோயில் மணி அடித்த மாதிரி பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, அவர் திகைத்துப்போய் மறுபடியும் சொன்னார், மறுபடியும் வந்தது, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கலியாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் அழுது சம்பூர்ணம் பார்த்ததில்லை.

குப்பண்ணன் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். அதே இடத்தில் நின்று, தனக்குத் தெரிந்த அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஊர் அவரைப் பார்த்தது, செங்கோட்டுவேலுவைப் பார்த்தது, அப்புறம் எல்லோரும் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள். தொலைந்தோம் என்று அவள் நினைத்தாள். குப்பண்ணனுக்குப் புரிந்துவிட்டது, அவருக்கு மட்டுமா, அங்கம்மாவுக்குப் புரிந்தது, தரகர்களுக்குப் புரிந்தது, ஒன்றும் தெரியாமல் நின்றவர் செங்கோட்டுவேலு ஒருத்தர்தான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு வயசாயிப் போச்சு, நாக்குக் கொழறுது" என்றார். பிறகு அவளிடம் வந்து, "மாப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே எனக்கும் புதுசா ஒருக்கா சொல்லிக் குடுங் அம்மிணி" என்றார்.

அவருக்குப் பின்னால் அங்கம்மா நின்றாள். அங்கம்மாவுக்குப் பின்னால் பாவாயி நின்றாள்.

இப்படித்தான் சுக்கம்பாறைக்கு இரண்டாம் பாசை வந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, இரண்டும் வேறு வேறு என்று யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை, பழையதைக் கிழிந்த கோணிப்பை மாதிரி ஓரமாகப் போட்டுவிட்டு எல்லோரும் புதியதை எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாக்கள் எழுந்து நின்று என் பையன் குடிக்க மாட்டான் என்று தழுதழுத்துச் சொன்னார்கள், குரல் வந்தது, பெண்வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்தார்கள். எழவு வீட்டில் தங்கமான மனுஷர் என்கிற சத்தம் கேட்டது. டீக்கடையில் இரைச்சல் திரும்பிவிட்டது. குப்பண்ணன் காடு காடாகப் போனார், எல்லாக் காட்டிலும் தண்ணீர் இருந்தது. பாவாயி தினமும் விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு வடக்கே பார்த்து என் பையன் இருக்கிறான் என்று கூவுவாள், அந்தக் குரல் ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும், அதைக் கேட்ட பிறகுதான் பெண்டுகள் அடுப்பைப் பற்றவைப்பார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்றிரண்டுகூடத் திறந்தன. சம்பூர்ணத்துக்கு மட்டும் இரண்டு பாசையும் மறக்கவில்லை.

செங்கோட்டுவேலு எருமைகளைச் சந்தைக்கு ஓட்டி விற்றுவிட்டு ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று அவள் சொல்லாமல் இல்லை. பொறுக்கலாமுங்க, மழை வரட்டுமுங்க, கட்டுத்தறி வெறுமையாக் கெடக்குதுங்க என்று சுற்றிச் சுற்றி வந்தாள், நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. "நீ செஞ்ச பாசையே சொல்லிருச்சு, அப்பறம் என்ன புள்ள?" என்றார் அவர்.

வண்டி வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, துளை போடுகிற முதல் இரும்பு ராடை இறக்கினார்கள். மகள் கவுசல்யா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். ஊரே சோறு தண்ணி இல்லாமல் சுற்றி நின்றது. கம்ப்ரசர் இரைந்தது, குழியிலிருந்து புழுதி எழும்பியது, செம்மண்ணாக வந்து, சாம்பலாக மாறி, அப்புறம் மாவு மாதிரி வெள்ளையாக வந்தது, ராடுக்கு மேல் ராடு இறங்கியது, மனுஷர்கள் தலையில், புருவத்தில், வேப்பமரத்தில், அதன் அடியில் இருந்த பிள்ளையார் மேல், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புழுதி படிந்தது. ஈரம் தெரியுது என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தர் சொன்னார். வண்டியில் இருந்த ராடெல்லாம் தீர்ந்த பிறகு, மெஷினை ஓட்டுகிற டிரில்லர் அதை நிறுத்தினான், "இதுக்கு மேல எங்ககிட்ட இல்லீங்க" என்றான்.

சத்தம் நின்ற காட்டில் செங்கோட்டுவேலு வெள்ளைப் பொம்மை மாதிரி நின்றார். கோபப்படவில்லை, குழப்பம்தான் அவருக்கு. "கொரல் வந்துச்சே" என்றார் தமிழில், எல்லோரையும் பார்த்து. "நீங்கல்லாம் கேட்டீங்கல்ல? வந்துச்சே."

டிரில்லர்தான் புரியாமல், "யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்களாட்ட இருக்குதுங்" என்றான்.

செங்கோட்டுவேலு நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, அவள் சொல்லிக்கொடுத்த பாசையில், என் சம்சாரம் எனக்குப் பொய் சொல்ல மாட்டாள் என்றார். குரல் வந்தது. தண்ணீருக்கு வந்ததைவிடப் பெரிய குரலாக, புழுதியெல்லாம் அதிர்கிற மாதிரி வந்தது, "பாத்தயா?" என்று டிரில்லரிடம் சொன்னார். ஊர் தலையைக் குனிந்துகொண்டது. சம்பூர்ணத்துக்கு அங்கேயே மண் பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது, அந்த மண்தான் எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் பிளந்து கிடந்ததே, விழுங்கவில்லை.

வண்டி போயிற்று. கவுசல்யா தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, லீவு முடிந்து அழுதுகொண்டே போனாள். செங்கோட்டுவேலு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார், பகலெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், குழியின் வாயில் வைத்த கல்லைப் பார்த்துக்கொண்டு. காலையில் மண்ணை எடுத்து மோந்து பார்ப்பதை விட்டுவிட்டார். காபியை வைத்தால் குடித்தார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. கேலி பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் சோற்றுப் போசியோடு வருவாள், புழுதியில் எழுந்த அந்தக் குரல் காதில் கேட்கும், அந்த மனுஷனிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதானே, அதையும் பிடுங்குவதா என்று சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் வந்தபோது முந்தின நாள் சோறு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டு. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"மாமா, தண்ணி இருக்குதுன்னு ஒருக்கா சொல்லுங்க. நான் சொல்லிக் குடுத்த பாசையில."

"எதுக்கு?"

"எனக்காகச் சொல்லுங்க."

சொன்னார். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ரொம்ப நாள் வராத விடை வந்த மாதிரி. "பாசை சரியாத்தான் புள்ள இருக்குது. அன்னைக்கு எப்படியோ தப்பிப் போச்சு. தண்ணி இல்ல" என்றார்.

அந்தச் சத்தமின்மையின் அர்த்தம் சம்பூர்ணத்துக்குத்தான் தெரியும். அந்தப் பாசைக்கு மண்ணில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நெஞ்சு. "இருங்க, இருங்க, வேற சொல்லுங்க" என்றாள். "கவுசல்யா வருவான்னு சொல்லுங்க."

சொன்னார், வரவில்லை.

"மழை பெய்யும்னு சொல்லுங்க."

வரவில்லை.

"எருமை வாங்கலாம்னு சொல்லுங்க. நாளைக்குக் காத்தால காபி குடிப்பேன்னு சொல்லுங்க சாமி, அது ஒண்ணாவது சொல்லுங்க." அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார், அவளுக்காகத்தான் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்து நின்றது. கடைசியில், வேறு எதுவும் தோன்றாமல், "எம்பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டான்னு சொல்லுங்க மாமா" என்றாள், சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள். அவர் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். அதையும் சொன்னார். அதுவும் வரவில்லை.

அவளிடம் சொல்லச் சொல்வதற்கு வாக்கியம் தீர்ந்துபோயிற்று. அவர் அவள் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார், வானத்தைப் பார்த்தார், குழியின் மேல் வைத்த கல்லைப் பார்த்தார், பிறகு யாரும் கேட்காமல் தானாகவே அதே பாசையில் ஒரு சொல்லைச் சொன்னார். போதும் என்று சொன்னார். அந்தச் சொல்லுக்குக் குரல் வந்தது. ஒரு பிசிறு இல்லாமல், தண்ணீருக்கு வராத, பொண்டாட்டிக்கு வராத தெளிவோடு வந்து, பாறையில் பட்டு, வேலியைத் தாண்டி, காய்ந்த காடுகளின் மேல் போயிற்று.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அங்கம்மா, அத்தனை தூரத்தில் சொல் என்னவென்று தெரியாமல், சத்தத்தை மட்டும் கேட்டு நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "கொரல் வந்துருச்சுங்களா டீச்சரே?" என்று கூவினாள்.

சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எல்லாப் பின்வாசலும் திறந்து கிடக்கிற தமிழில்தானே கேட்கிறாள், அதிலேயே பதில் சொன்னாள். "வந்துருச்சு அங்கம்மா."

"அப்பாடா, சாமி புண்ணியம்" என்று அங்கம்மா ஆட்டை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினாள், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினாள். செங்கோட்டுவேலு காலை நீட்டி, கட்டிலில் பாறையைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.